சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2007 ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். அப்போதிருந்த ஆர்குட் சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் ஒரு படத்தை யாரோ ஏற்றியிருந்தார்கள். எந்த ஐபி முகவரியிலிருந்து ஏறியது என்று போலீசார் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று இணையச் சேவை தரும் நிறுவனத்தைக் கேட்டார்கள். நிறுவனம் ஒரு பெயரைக் கொடுத்தது. ஆள் தப்பு. படத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது தெரிந்து அவர் வெளியே வருவதற்குள் 50 நாள் சிறையில் கழிந்துவிட்டது.

அந்த வழக்கில் டேட்டாபேஸில் ஏதோ வகை மாற்றம் தவறிப்போனதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஐபியையும் ஆளையும் இணைக்கும் ஒரு வரி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் நாட்டில் இல்லை என்பதால் சொன்னேன். இன்று அந்த வரியை எழுதி வைப்பது பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில் சில நூறு வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கிறவர்களிடமும் ஒரு சர்வர் இருக்கிறது, அதில் ஒரு டேபிள் இருக்கிறது. நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பது சரி, வைத்திருப்பது சரியாக இருக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது. டேட்டாபேஸில் ஐபி முகவரியை வைக்க ஒன்றுக்கொன்று சாயலாக இருக்கிற சில வகைகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது என்ன நடக்கிறது? தொழிலில் இருக்கிற ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி, ஐபி ஐபிதானே?" இந்தப் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் பின்கோடு 627756. முதல் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதி. 627 என்று மூன்று இலக்கம் வந்துவிட்டால் திருநெல்வேலி வட்டாரம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் தபாலுக்கு நாம் 627தான். கடைசி மூன்று இலக்கமும் சேர்ந்தால்தான் சங்கரன்கோவில் தபால் நிலையம். ஆக, முன்பகுதி வட்டாரத்தைச் சொல்கிறது, முழு எண் ஓர் இடத்தைச் சொல்கிறது. ஐபி முகவரியும் இப்படியே. பின்கோட்டில் மூன்றாவது இலக்கத்தோடு வட்டாரம் முடிகிறது என்பது எல்லாருக்கும் ஒரே விதி. ஐபியில் அந்த எல்லை எங்கே என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதிக் காட்ட வேண்டும். 192.168.1.5/24 என்று எழுதும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் வருகிற 24தான் அந்த எல்லைக்கல். மொத்தம் 32 பிட். அதில் முதல் 24 தெரு, மிச்சம் 8 வீடு.

1981-இல் ஐபியின் விதிகளை ஆர்எஃப்சி 791 என்று எழுதி வைத்தபோது இந்தச் சாய்கோடு கிடையாது. முதல் எண்ணைப் பார்த்தே எல்லையைச் சொல்லிவிடுவார்கள். 127 வரை ஏ வகுப்பு, 191 வரை பி வகுப்பு, 223 வரை சி வகுப்பு. ஏ வாங்கியவருக்கு ஒரு கோடியே 67 லட்சம் முகவரி, சி வாங்கியவருக்கு 256. நடுவில் 1,000 முகவரி வேண்டும் என்றால் 65,536 கொண்ட பி வகுப்பைத்தான் தலையில் கட்டுவார்கள். இப்படி வாரி இறைத்தால் கட்டாது என்று 1993 செப்டம்பரில் வகுப்புகளை ஒழித்து, எல்லையை எங்கே வேண்டுமானாலும் நடலாம் என்று ஆக்கினார்கள். அந்த முறைக்குப் பெயர் சைடர். சாய்கோடு நிலைத்தது அதற்குப் பிறகு.

இப்போது டேட்டாபேஸுக்கு வருவோம். நான் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பற்றியே பேசப்போகிறேன். இலவசம், நம்பகமானது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோவின் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் பலவற்றுக்குள்ளேயே அது இருக்கிறது. 1998 அக்டோபர் கடைசியில் வெளிவந்த அதன் 6.4 பதிப்பில்தான் முகவரிக்கென்றே இரண்டு வகைகள் வந்தன. ஒன்று இனெட், இன்னொன்று சைடர். அந்த வகைகளின் மூல நிரல் கோப்பைத் திறந்தால் தலைப்பகுதியில் ஒரு வரி இன்றும் இருக்கிறது: 1998 அக்டோபர் 16 அன்று இறந்த ஜான் போஸ்டலுக்கு அஞ்சலி. உலகத்துக்கே ஐபி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுத்த கணக்குப்பிள்ளை அவர். ஒரு கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு பொருத்தமான நினைவுக்கல் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனெட்டில் வீட்டு முகவரியையும் வைக்கலாம், வீடும் தெருவும் சேர்ந்தும் வைக்கலாம். 192.168.1.5/24 என்று கொடுத்தால், 24 பிட் தெருவில் 5-ஆம் வீடு என்று அப்படியே ஏற்றுக்கொள்ளும். சைடரில் தெரு மட்டும்தான் வைக்க முடியும். 192.168.1.0/24 சரி. 192.168.1.5/24 என்று கொடுத்தால் எல்லைக்கு வலப்பக்கம் ஏதோ எண் கிடக்கிறதே என்று பிழை காட்டித் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இரண்டும் சேமிக்கப்படும் விதம் ஒன்றே. ஐபி பதிப்பு 4 என்றால் 7 பைட், பதிப்பு 6 என்றால் 19 பைட். ஒரே உடம்பு, இரண்டு பேர். சங்கரநாராயணர் ஊரில் நின்று இதைச் சொல்லும்போது நான் எந்த உவமைக்குப் போகப்போகிறேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது தெரிகிறது. போகவில்லை, அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

2006 வரை இந்த இரண்டுக்கும் நடுவே வேலி சரியாக இல்லை. மதிப்பின் உள்ளேயே 'நான் சைடர்' என்று ஒரு குறி ஒட்டியிருக்கும். அதையும் டேபிளில் அது இருக்கும் காலத்தின் (நெடுவரிசையின்) வகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லை. 8.2 பதிப்பில் அந்தக் குறியை எடுத்துவிட்டு, வகை என்ன சொல்கிறதோ அதுதான் என்று தீர்த்தார்கள். அதன் பிறகு விதி தெளிவு. சைடரிலிருந்து இனெட்டுக்குத் தானாகவே மாறும். தெரு என்று ஏற்கெனவே நிரூபித்த மதிப்பு அங்கே போவதில் எதுவும் தொலையாது. இனெட்டிலிருந்து சைடருக்கு மாற்றினால், எல்லைக்கு வலப்பக்கம் இருக்கும் அத்தனை பிட்டையும் சுழியாக்கிவிட்டுத்தான் உள்ளே விடும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, மூச்சுக்கூட விடாது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 192.168.1.5/24 என்பதை எழுத்தாகக் கொண்டுபோய் சைடரிடம் கொடுத்தால் பிழை. அதே மதிப்பை முதலில் இனெட் ஆக்கிவிட்டு, பிறகு சைடர் ஆக்கினால் 192.168.1.0/24 என்று சத்தமில்லாமல் வந்து நிற்கும். 5-ஆம் வீடு போன இடம் தெரியாது. வாசல் வழியாக வந்தால் காவலாளி தடுக்கிறார், உறவுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் தலையாட்டி அனுப்புகிறார். இது பழுது இல்லை, கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உருவாக்கியவர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு: நீயாக வாய் திறந்து சைடர் வேண்டும் என்று கேட்டாய், சைடர் ஆவதற்கு ஒரே வழி இதுதான். ஆனால் காலத்தில் போடும்போதும் இந்த மாற்றம் நடந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. இனெட் காலத்திலிருந்து வரிகளை எடுத்து சைடர் காலத்தில் நுழைக்கும் ஒரு சாதாரண இன்சர்ட் கட்டளையில், சைடர் என்ற சொல்லையே எழுதாமல் இத்தனையும் நடந்துவிடும். தெருப் பெயர்தான் வேண்டும் என்றால் நெட்வொர்க் என்ற செயற்கூறு இருக்கிறது. அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விடை அதேதான். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு, இங்கே வீட்டு எண்ணைத் தெரிந்தேதான் விட்டார்கள் என்பது புரியும்.

இனெட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. 192.168.1.5/24, 192.168.1.5/32. உங்களையும் என்னையும் கேட்டால் இரண்டும் ஒரே கருவி. போஸ்ட்கிரெஸைக் கேட்டால் சமம் இல்லை. ஒப்பிடும்போது அது எல்லைக்கல்லையும் சேர்த்தே பார்க்கும். விளைவைப் பாருங்கள். ஒரே ஐபி இரண்டு பேருக்குப் போகக் கூடாது என்று யூனிக் கட்டுப்பாடு போட்டிருப்பீர்கள். ஒரு பணியாளர் /24 சேர்த்து ஏற்றுவார், இன்னொருவர் சாய்கோடே இல்லாமல் ஏற்றுவார். இரண்டு வரியும் உள்ளே போய்விடும். பிறகு லாக் டேபிளோடு சேர்த்துத் தேடினால் /24 போட்ட வரி எங்கேயும் பொருந்தாது. அந்த வாடிக்கையாளர் இணையத்தையே தொடாத மாதிரி இருப்பார், பில் மட்டும் மாதாமாதம் போகும்.

இனெட் வகைமேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். வீடு என்ற பொருளையும், வீடு இன்ன தெருவில் என்ற பொருளையும் ஒரே பெட்டியில் போட்டது. ஐபி4ஆர் என்ற கூடுதல் தொகுப்பை எழுதியவர்கள் தனி முகவரிக்கு ஒரு வகை, முகவரி வரம்புக்கு வேறு வகை என்று பிரித்ததற்கும் இதுவே காரணம். ஆனால் நூறு இருநூறு இணைப்பு வைத்திருப்பவர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு செக் கட்டுப்பாடு போதும். பதிப்பு 4 என்றால் எல்லை 32, பதிப்பு 6 என்றால் 128, வேறு எதையும் உள்ளே விடாதே என்று டேபிளிலேயே எழுதிவிடலாம்.

அடுத்தது எழுத்தாக மாற்றுவது. நான் பார்த்ததில் அதிகச் சேதம் இங்கேதான்.

இனெட் காலத்தைத் திரையில் பார்த்தால் 192.168.10.25 என்று சுத்தமாகத் தெரியும். எல்லை 32 என்றால் அதைக் காட்டாமல் மறைத்துவிடும். அதையே டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினால் 192.168.10.25/32 என்று வரும். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று. ஹோஸ்ட் என்ற செயற்கூறைப் பயன்படுத்தினால்தான் சாய்கோடு இல்லாத முகவரி கிடைக்கும். இது தெரியாமல் ஒப்பிட்டுவிட்டு, ஒன்றுமே பொருந்தவில்லையே என்று பாதி ராத்திரி வரை முழித்துக் கிடந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இப்போது நம் ஊர்ப் பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஐபிக்கு 15 எழுத்துக் காலம். ஏன் 15? 255.255.255.255 என்று எண்ணிப் பாருங்கள், சரியாக 15. எழுதியவர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். புது சர்வரிலிருந்து பழைய மென்பொருளுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு பையன் இனெட் காலத்தை 15 எழுத்து வார்கேர் ஆக்கு என்று கட்டளை எழுதுகிறான். நாமாகக் கேட்டு மாற்றும்போது, நீளம் அதிகமானால் வால்பக்கத்தை வெட்டிவிட வேண்டும் என்பது எஸ்க்யூஎல் விதி. போஸ்ட்கிரெஸ் அந்த விதியை அப்படியே மதிக்கும்.

192.168.100.100 என்ற முகவரி /32-ஓடு சேர்த்து 18 எழுத்து. வெட்டினால் 15. அதிர்ஷ்டவசமாகச் சாய்கோடு போய், முகவரி மட்டும் நிற்கும். சோதித்துப் பார்க்கிறவர் இந்த வரியைப் பார்த்திருந்தால் சபாஷ் என்று சொல்லியிருப்பார். 10.0.5.9 என்பது /32-ஓடு சேர்த்தும் 11 எழுத்துதான், வெட்ட ஒன்றுமில்லை, சாய்கோட்டோடு போகும். இனி 192.168.10.25. அது 13 எழுத்து. /32 சேர்த்தால் 16. ஒரே ஓர் எழுத்து அதிகம், கடைசி எழுத்தான 2 வெட்டுப்படுகிறது. மிச்சம் என்ன? 192.168.10.25/3.

இதைப் பார்த்தால் பிழை மாதிரி தெரியாது. எழுத்துப் பிழையாகக் கூடத் தெரியாது. இலக்கணப்படி சரியான முகவரி. என்றைக்காவது இதை மறுபடி இனெட்டாக மாற்றினால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதைச் சைடராக மாற்றினால், முன்பே சொன்னேனே, வலப்பக்கத்தைச் சுழியாக்கி 192.0.0.0/3 என்று தரும். முதல் 3 பிட் மட்டும் தெரு, மிச்சம் 29 பிட்டும் வீடு. அந்தத் தெருவில் 53 கோடியே 68 லட்சத்து 70 ஆயிரத்து 912 முகவரி. 192-இல் தொடங்கி 223 வரை, அதாவது 1993-இல் ஒழித்தோம் என்றேனே, அந்த சி வகுப்பு முழுவதும். பதிப்பு 4 முகவரிகளில் எட்டில் ஒரு பங்கு. தெற்கு ரத வீதியில் ஒரு வீட்டின் இணைப்பை அபராதத்துக்காக நிறுத்தப் போய், இந்த வரியை ஃபயர்வாலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாற்றம் நடந்தது. மூன்றும் விதிப்படி. மூன்றும் பேசாமல். அதே பையன் மாற்றச் சொல்லாமல், 15 எழுத்துக் காலத்தில் நேரே போட முயன்றிருந்தால் போஸ்ட்கிரெஸ் 'நீளம் அதிகம்' என்று நிறுத்தியிருக்கும். அவன் திட்டிக்கொண்டே சரியான வழியைத் தேடியிருப்பான். பிழை காட்டி வேலையைக் கெடுக்கும் மாற்றங்களால் நமக்கு ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான். நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போகும் மாற்றங்களைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே இந்த வகைகளே கிடையாது. முகவரியை ஓர் எண்ணாக்கி வைக்க இனெட்-ஏடான் என்ற செயற்கூறு உண்டு. 10.0.5.9 என்பது 167773449 ஆகும். நல்ல முறைதான். ஆனால் காலத்தை வெறும் இன்ட் என்று வைத்தால் அதன் உச்சம் 2147483647. அது 127.255.255.255-க்கான எண். 192.168.0.1 என்றால் 3232235521, கொள்ளாது. 5.7 பதிப்புக்கு முன்னால் கண்டிப்பு முறை இயல்பாகவே அணைந்திருக்கும். கொள்ளாத எண்ணை உச்ச எண்ணில் நிறுத்திவிட்டு ஓர் எச்சரிக்கையை முணுமுணுக்கும். 192.168-இல் தொடங்கும் எல்லா வாடிக்கையாளரும் 127.255.255.255 ஆகிவிடுவார்கள். அன்சைன்ட் என்ற ஒரு சொல் போட்டிருந்தால் தீர்ந்தது.

கையால் எழுதும் சுருக்கங்களிலும் கவனம் வேண்டும். 10.1 என்று சைடரிடம் சொன்னால் 10.1.0.0/16 என்ற தெரு என்று எடுத்துக்கொள்ளும். அதே 10.1-ஐ லினக்ஸில் பிங் கட்டளைக்குக் கொடுத்தால் 10.0.0.1 என்ற வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும். எக்செல்லில் வரிசை சரியாக வர வேண்டும் என்று 010.001.002.003 என்று சுழி நிரப்பும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10.0.0.10 முன்னாலும் 10.0.0.9 பின்னாலும் வருவதால் கண்டுபிடித்த வைத்தியம் அது. சி மொழியின் பழைய நூலகங்கள் சுழியில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில் படிக்கும், 010 என்றால் அவற்றுக்கு 8. உங்கள் உள்வலை முகவரி வேறு யாரோ ஒருவருடைய முகவரி ஆகிவிடும். பைத்தான் 3.9.5-லிருந்து இப்படிச் சுழி வைத்த முகவரியையே ஏற்பதில்லை. சரியான முடிவு.

லைக் போட்டுத் தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 10.1. என்று தொடங்குவதெல்லாம் வேண்டும் என்று இனெட் காலத்தில் லைக் போட்டுத் தேடுவது போஸ்ட்கிரெஸ் 8.2 வரை ஓடிக்கொண்டிருந்தது. 2008-இல் வந்த 8.3-இல் எல்லாவற்றையும் தானாக எழுத்தாக மாற்றும் வழக்கத்தை நிறுத்தினார்கள். பல பேருடைய நிரல்கள் ஒரே நாளில் நின்றன, அழுதார்கள். எனக்கு அந்த முடிவில் முழுச் சம்மதம். தெருவுக்குள் இருக்கிறதா என்று கேட்கத் தனிக் குறியீடே இருக்கும்போது எழுத்தை வைத்து ஏன் தேட வேண்டும்?

இனி ஐபி பதிப்பு 6. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து பெரிய பதிப்பு 4 தொகுதிகளையும் கொடுத்து முடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் அடிமட்டத்துக்கு வந்தது. 2016-இல் ஜியோ வந்த பிறகு நம் நாட்டில் பதிப்பு 6 பரவிய வேகம் உலகத்தில் வெகு சில நாடுகளில்தான் உண்டு. உங்கள் கைபேசியில் இந்த நிமிடம் பெரும்பாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சர்வர்கள் இரண்டு பதிப்பையும் ஒரே வாசலில் வரவேற்கின்றன. அப்படி வரவேற்கும்போது பதிப்பு 4 விருந்தாளிக்கும் பதிப்பு 6 சட்டை போட்டு உள்ளே விடும் வழக்கம் உண்டு. 10.4.3.2 என்பதன் முன்னால் இரட்டை முக்காற்புள்ளியும் நான்கு எஃப் எழுத்தும் இன்னொரு முக்காற்புள்ளியும் ஒட்டி, பதிப்பு 6 முகவரி மாதிரி லாகில் எழுதிவிடும். ஆள் பழையவர், சட்டைதான் புதிது.

போஸ்ட்கிரெஸ் சட்டையைத்தான் பார்க்கும். இரண்டும் சமம் இல்லை என்று சொல்லும். வரிசைப்படுத்தினாலும் பதிப்பு 4 எல்லாம் முதலில், சட்டை மாட்டியவை உட்படப் பதிப்பு 6 எல்லாம் பின்னால். ஒரே வாடிக்கையாளர் லாகில் இரண்டு பேராக இருப்பார். முன்னே சொன்ன 15 எழுத்துக் காலத்தில், கண்டிப்பு இல்லாத மைஎஸ்க்யூஎல்லில் இது விழுந்தால் இன்னும் வேடிக்கை. முன்ஒட்டுக்கே 7 எழுத்து போய்விடும். முகவரி 192.168.10.25 என்றால், மிச்சம் 8 எழுத்தில் 192.168. என்பது மட்டும் நிற்கும். உள்வலையில் அப்படித் தொடங்கும் அத்தனை கருவியும் ஒரே வரியாகத் தெரியும். சட்டையைக் கழற்றும் வேலையை லாக் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு தடவை செய்துவிட வேண்டும். தேடும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் செய்யலாம் என்று விட்டால் ஒருநாள் மறந்துவிடும்.

கேபிள் தொழிலிலிருந்து ஃபைபருக்கு மாறியவர்களுக்கு ஐபியைவிடப் பழக்கமானது மேக் முகவரி. வீட்டில் மாட்டும் ஓஎன்யூ பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண். அது 48 பிட், 6 பைட். பெட்டியில் இடைவெளியின்றிச் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள், விண்டோஸ் இடைக்கோடு போட்டுக் காட்டும், லினக்ஸ் முக்காற்புள்ளி போட்டுக் காட்டும், சிஸ்கோ நான்கு நான்காகப் புள்ளி வைக்கும். மேக்அட்ரஸ் என்ற வகையில் வைத்தால் போஸ்ட்கிரெஸ் இத்தனையும் ஒன்று என்று புரிந்துகொள்ளும். எழுத்தாக வைத்தால் நான்கும் நான்கு பெட்டி. இதில் ஒரு பழங்கதை உண்டு. ஐஇஇஇ விதிப்படி இடைக்கோடு போட்டால் ஒரு வரிசை, முக்காற்புள்ளி போட்டால் ஒவ்வொரு பைட்டின் பிட்டுகளும் தலைகீழ் வரிசை. 08 என்பது 10 ஆகிவிடும். இப்போது அதை யாரும் மதிப்பதில்லை. டோக்கன் ரிங் காலத்தோடு போயிற்று, நல்லவேளை.

2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பில் 8 பைட் மேக் வகையும் சேர்ந்தது. 6 பைட்டை அதில் போட்டால் நடுவில் எஃப்எஃப், எஃப்இ என்ற இரண்டு பைட்டைச் செருகும். 00:11:22:33:44:55 இருந்தால் 22-க்கும் 33-க்கும் நடுவே அவை உட்காரும். திரும்பி வரும்போது அந்த இரண்டும் அதே இடத்தில் இருந்தால்தான் 6 பைட்டாக மாற்றித் தரும், இல்லாவிட்டால் பிழை. இனெட்டை சைடராக்கும் இடத்திலும் இதே நேர்மை இருந்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

ஆனால் மேக்கிலிருந்து பதிப்பு 6 முகவரியின் பின்பாதியைச் செய்வதற்கென்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு. முதல் பைட்டின் ஏழாவது பிட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பது ஆர்எஃப்சி 4291-இன் விதி. 0 இருந்தால் 1, 1 இருந்தால் 0. போஸ்ட்கிரெஸ் செயற்கூறு திருப்புவதில்லை, எப்போதும் 1 ஆக்கும். தொழிற்சாலை மேக்குகளில் அந்த பிட் 0 என்பதால் வித்தியாசம் தெரியாது. இன்று கைபேசிகள் வைஃபைக்குத் தாமே கற்பித்துக்கொண்ட மேக்கோடு வருகின்றன. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் அதுதான் இயல்பு. அந்த மேக்குகளில் அந்த பிட் ஏற்கெனவே 1. ஆக 00-இல் தொடங்கும் பெட்டியும், மிச்சமெல்லாம் அதேயாக 02-இல் தொடங்கும் கருவியும் மாற்றத்துக்குப் பிறகு ஒரே முகவரியாகிவிடும். ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்ட அண்ணாச்சிக்கு, ஒன்றாக இல்லாததையும் ஒன்றாக்கிவிடும் மாற்றம் இது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். வாடிக்கையாளர் டேபிளில், பதிப்பு 4-ஆக இருந்தும் எல்லை 32 இல்லாத வரிகள் எத்தனை என்று மாஸ்க்லென் செயற்கூறை வைத்து எண்ணுங்கள். பிறகு ஹோஸ்ட் செயற்கூறின்படி தொகுத்து, ஒன்றுக்கு மேல் வருகிற முகவரிகளைப் பாருங்கள். எழுத்துக் காலத்தில் வைத்திருப்பவர்கள் போஸ்ட்கிரெஸ் 16-ஆம் பதிப்புக்கு மாறியிருந்தால், ஒவ்வொரு வரியும் இனெட்டாகச் செல்லுமா என்று கேட்க ஒரு செயற்கூறு இருக்கிறது. அது செல்லும் என்று சொன்னாலும், நான் காட்டிய /3 போல, செல்லும் என்பதற்கும் சரி என்பதற்கும் இடையே தூரம் உண்டு. அதனால் சாய்கோடு உள்ள வரிகளைத் தனியாக எடுத்துக் கண்ணால் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் உடனே அப்டேட் கட்டளை அடித்துச் சரிசெய்துவிடாதீர்கள். முதலில் டேபிளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். 180 நாளுக்குள் யாராவது அந்த வரியைக் கேட்டு வந்தால், மாற்றுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதையும் காட்டியாக வேண்டும்.